‘பஸ்’ என்பது ஒரு வேற்றுமை உருபு: லத்தீன் சொற்களைக் கற்கத் தொடங்குவோருக்கு

தீபாவளிக்கு ஊருக்குப் போக ஆம்னி பஸ்ஸில் டிக்கெட் கிடைக்காமல் அலைந்திருக்கிறீர்களா? அப்படியானால் ஒரு லத்தீன் சொல்லோடு நீங்கள் ஏற்கெனவே மல்லுக்கு நின்றிருக்கிறீர்கள். லத்தீனில் ‘ஒம்னிஸ்’ என்றால் ‘எல்லா’. ‘ஒம்னிபுஸ்’ என்றால் ‘எல்லோருக்கும்’. 1820களில் பிரான்சில், கட்டணம் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம் என்று ஓடத் தொடங்கிய குதிரை வண்டிக்கு இந்தப் பெயர் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆக, நாம் ‘பஸ்’ என்று ஏறி உட்காருவது ஒரு நான்காம் வேற்றுமைப் பன்மை உருபில். தமிழில் ‘எல்லோருக்கும்’ என்பதை நறுக்கி, “க்கும் வந்துவிட்டதா?” என்று நிறுத்தத்தில் நின்று கேட்பது போல.

இன்னும் சில சொற்கள் நம் வாயில் அன்றாடம் புழங்குகின்றன. ‘வீடியோ’ என்றால் லத்தீனில் ‘பார்க்கிறேன்’. ‘ஆடியோ’, ‘கேட்கிறேன்’. ஐ.நா. சபையில் பயன்படுத்தும் ‘வீட்டோ’, ‘தடுக்கிறேன்’. மூன்றின் கடைசியிலும் ஓகாரம் நிற்பதைக் கவனியுங்கள். தமிழில் ‘ஏன்’ என்ற விகுதி செய்யும் வேலையை அங்கே ‘ஓ’ செய்கிறது. ‘நான்’ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. யூலியஸ் சீசர் சொன்னதாக உலகமே மேற்கோள் காட்டும் ‘வேனீ, வீதீ, வீகீ’யை ஆங்கிலத்தில் சொல்ல ஆறு சொற்கள் வேண்டும். தமிழில் மூன்றே மூன்று: வந்தேன், பார்த்தேன், வென்றேன்.

இதனால்தான் எனக்கு ஓர் ஆதங்கம். லத்தீன் படிக்க விரும்பும் தமிழ் மாணவர், அவர் தாவரவியல் படிப்பவராக இருந்தாலும் குருமடத்தில் இருந்தாலும், கையில் எடுப்பது ஆங்கிலப் பாடப்புத்தகத்தை. எல்லாச் சொல்லுக்கும் ஆங்கிலத்தில் பொருள் எழுதிக்கொள்கிறார். அந்தப் புத்தகங்கள் ஆங்கிலம் பேசுபவருக்கு எது கடினமோ அதை மாய்ந்து மாய்ந்து விளக்குகின்றன. அதில் பாதி நமக்குக் கடினமே இல்லை. பக்கத்துத் தெருவுக்குப் போக ஊரைச் சுற்றி வருகிறோம். லத்தீனுக்கு நேராகத் தமிழில் பொருள் எழுதிப் படியுங்கள் என்பதுதான் என் யோசனை.

இது புதிய பாதையும் இல்லை. எதிர்த்திசையிலிருந்து ஒருவர் நடந்து வந்த பாதை. வீரமாமுனிவர் தம்முடைய சக பாதிரியார்களுக்குப் பேச்சுத் தமிழின் இலக்கணத்தை லத்தீனில்தான் எழுதினார். 1728இல் முடித்த அந்த நூல் பத்து ஆண்டுகள் கழித்துத் தரங்கம்பாடியில் அச்சானது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தவரும் அவரே. இரண்டு மொழிகளுக்கும் நடுவே இடைத்தரகர் யாரும் அவருக்குத் தேவைப்படவில்லை.

சரி, எத்தனை சொல் தெரிந்தால் போதும்? அமெரிக்காவில் டிக்கின்சன் கல்லூரி தொகுத்திருக்கும் அடிப்படைச் சொற்பட்டியலில் சுமார் 1000 சொற்கள் இருக்கின்றன. சாதாரணமான ஒரு லத்தீன் பனுவலில் வரும் சொல்வடிவங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு இந்த ஆயிரத்துக்குள் அடங்கிவிடும். நாளுக்கு ஐந்து என்று வைத்துக்கொண்டால் ஏழு மாதத்துக்குள் முடியும் கணக்கு. மீதி 30 விழுக்காட்டில்தான் கதையின் உயிர் இருக்கும் என்பது வேறு விஷயம். அதற்கு அகராதி இருக்கிறது.

ஆனால் ‘ஒரு சொல்’ என்று எதைச் சொல்கிறோம் என்பதில்தான் முதல் சறுக்கல். நானும் அங்கேதான் விழுந்தேன். ஒரு பழைய மிட்டாய்ப் பெட்டி நிறையச் சிறு அட்டைகள் வெட்டி, முன்புறம் ‘ரேக்ஸ்’, பின்புறம் ‘அரசன்’ என்று எழுதி, நூற்றுக்கணக்கில் நெட்டுருப் போட்டேன். பிறகு முதன்முதலாக ஒரு பத்தியைப் படிக்க உட்கார்ந்தால் அதில் ‘ரேக்ஸ்’ எங்கேயும் இல்லை. ‘ரேகெம்’ இருக்கிறது, ‘ரேகீ’ இருக்கிறது, ‘ரேகிபுஸ்’ இருக்கிறது. எல்லாம் அதே அரசன்தான்: அரசனை, அரசனுக்கு, அரசர்களுக்கு. என் பெட்டியில் இருந்தவன் மட்டும் வரவில்லை.

தமிழ் கற்கும் வெளிநாட்டவர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ‘மரம்’ என்று படித்திருக்கிறார். புத்தகத்தில் ‘மரத்தை’, ‘மரத்தில்’ என்று வருகிறது. இந்த ‘த்து’ எங்கிருந்து முளைத்தது என்று விழிப்பார். ‘வீடு’ தெரியும், ‘வீட்டை’ தெரியாது. ‘ஆறு’ தெரியும், ‘ஆற்றில்’ தெரியாது. அவருக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்? “மரம் என்று மட்டும் படிக்காதே, மரம், மரத்தின் என்று இரண்டையும் சேர்த்துப் படி” என்பீர்கள். லத்தீன் அகராதி செய்வதும் அதுவே. ‘ரேக்ஸ், ரேகிஸ்’ என்று போட்டிருக்கும்: அரசன், அரசனின். ‘கோர்புஸ், கோர்போரிஸ்’: உடல், உடலின். ‘நோமென், நோமினிஸ்’: பெயர், பெயரின். உருபுகள் ஒட்டுவது பெரும்பாலும் இரண்டாவது வடிவத்தின் மேல். வங்கிப் படிவத்தில் ‘நாமினி’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அது ‘நோமென்’ என்பதிலிருந்து தெரியாது, ‘நோமினிஸ்’ என்பதிலிருந்து தெரியும்.

இந்த இரண்டாம் வடிவத்தைப் படிப்பதில் தமிழருக்குக் கிடைக்கும் ஒரு கொசுறும் உண்டு. லத்தீனும் சமஸ்கிருதமும் ஒரே குடும்பத்து மொழிகள். வடமொழிவழியாகத் தமிழில் புழங்கும் பல சொற்களுக்கு லத்தீனில் பங்காளிகள் இருக்கிறார்கள். ஆனால் முதல் வடிவத்தில் முகம் அடையாளம் தெரியாது. ‘பேஸ்’ என்றால் கால். இரண்டாம் வடிவம் ‘பெதிஸ்’, உடனே பாதம் தெரிகிறது. ‘தேன்ஸ்’, பல், ‘தெந்திஸ்’ என்றதும் தந்தம். ‘வோக்ஸ்’, குரல், ‘வோகிஸ்’ என்றதும் வாக்கு. ரேகிஸ் பக்கத்தில் ராஜாவை நிறுத்திப் பாருங்கள். இக்னிஸ்–அக்னி, விதுவா–விதவை, தெயுஸ்–தேவன் போன்றவை முதல் வடிவத்திலேயே மாட்டிக்கொள்கின்றன. இந்த ஒற்றுமைகளைக் கையில் பிடித்துக்கொண்டு லத்தீனே தமிழிலிருந்துதான் பிறந்தது என்று கிளம்புகிறவர்களும் உண்டு. வேண்டாம். தமிழ் வேறு குடும்பம். நமக்கு வேண்டியது மனப்பாடத்துக்கு ஒரு கொக்கி, அவ்வளவுதான்.

வினைச்சொல்லுக்கு இரண்டு வடிவம் போதாது, நான்கு வேண்டும். இதுவும் நமக்குப் பழகிய தொல்லைதான். ‘கேள்’ என்று மட்டும் தெரிந்தவருக்குக் ‘கேட்டான்’ புரியாது. ‘நில்’ தெரிந்தவர் ‘நின்றான்’ என்பதை அகராதியில் எங்கே தேடுவார்? லத்தீனில் ஒரு வினையை ‘செய்கிறேன், செய்ய, செய்தேன், செய்யப்பட்டது’ என்ற நான்கு நிலைகளில் சேர்த்துப் படிக்க வேண்டும். பெரும்பாலானவை ஒரு தாளத்துக்குள் அடங்கும்: அமோ, அமாரே, அமாவீ, அமாதும். நேசிக்கிறேன் என்று பொருள். சில அடங்காது. அவற்றில் தலையாய அடங்காப்பிடாரி ‘ஃபெரோ’: தாங்குகிறேன், சுமக்கிறேன். அதன் நான்கு வடிவங்கள் ஃபெரோ, ஃபெர்ரே, துலீ, லாதும். மூன்று வெவ்வேறு ஆட்களை ஒரே வீட்டில் குடிவைத்தது போல இருக்கிறது. ஆனால் அரசு ஊழியர் அஞ்சும் ‘டிரான்ஸ்ஃபர்’ அதன் முதல் வடிவத்திலிருந்தும், மொழிபெயர்ப்பைக் குறிக்கும் ‘டிரான்ஸ்லேஷன்’ அதன் நான்காம் வடிவத்திலிருந்தும் வந்தவை என்று தெரிந்தபின் இந்த நான்கும் மறப்பதில்லை. இரண்டுமே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதுதானே.

பெயர்களின் பால் என்ற விஷயத்தில் மட்டும் தமிழ் நம்மைக் கைவிட்டுவிடுகிறது. நமக்கு மேசை அஃறிணை, அத்தோடு முடிந்தது. லத்தீனில் மேசை பெண், புத்தகம் ஆண், போர் இரண்டும் இல்லை. அதோடு அடைமொழியும் பெயரின் பாலுக்கு ஏற்ப வால் மாற்றிக்கொள்ளும். ‘நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம்’ என்று ஒரே ‘நல்ல’வை எங்கும் ஒட்டிப் பழகிய நமக்கு இது சோதனைதான். அட்டவணையைப் பார்த்து மனப்பாடம் செய்யச் சொன்னால் நான் செய்ய மாட்டேன். சமையலறைக்குப் போகச் சொல்வேன்.

அங்கே பூண்டு இருக்கிறது. தாவரவியல் பெயர் அல்லியும் சதீவும். டப்பாவில் அரிசி, நெற்பயிரின் பெயர் ஒரைசா சதீவா. பாயசத்துக்கென்று வாங்கிவைத்த குங்குமப்பூ ஒரு சிட்டிகை இருந்தால் அது க்ரொக்குஸ் சதீவுஸ். சதீவுஸ், சதீவா, சதீவும். ஒரே அடைமொழி, மூன்று பாலிலும். ‘உஸ்’ ஆணுக்கு, ‘ஆ’ பெண்ணுக்கு, ‘உம்’ இரண்டும் அல்லாததற்கு. பொருள் ‘விதைத்துப் பயிரிடப்படுவது’. அது எங்கிருந்து வந்தது? ‘விதைக்கிறேன்’ என்ற வினையின் நான்கு வடிவங்களைச் சொல்லிப் பாருங்கள்: செரோ, செரெரே, சேவீ, சதும். நான்காம் வடிவத்தில் இருக்கிறது. அதைப் படிக்காமல் ‘செரோ’ மட்டும் படித்தவருக்குச் சதீவா எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியப்போவதில்லை.

அப்படியே அலமாரியைத் துழாவுங்கள். மிளகு பிப்பெர் நிக்ரும், கடுகில் ஒரு வகை ப்ராசிகா நிக்ரா, இரண்டிலும் ‘கருப்பு’. திப்பிலி பிப்பெர் லோங்கும், மஞ்சள் கூர்கூமா லோங்கா; இரண்டிலும் ‘நீளமான’. தென்னை கோகோஸ் நுகிஃபெரா. ‘நுக்ஸ், நுகிஸ்’ என்றால் கொட்டை. அதோடு நம் பழைய நண்பர் ஃபெரோ சேர்ந்து ‘கொட்டை தாங்குவது’. மாமரம் மங்கிஃபெரா இந்திகா: முன்பாதி போர்த்துகீசியர் வழியாகப் போன நம் பக்கத்து மாங்காய், பின்பாதி ரோமாபுரிச் சரக்கு.

இப்போது புளியைப் பாருங்கள்: தமரிந்துஸ் இந்திகா. முன்னது ‘உஸ்’ என்று ஆண் போல முடிகிறது, பின்னது ‘ஆ’ என்று பெண்ணாக இருக்கிறதே, அச்சுப்பிழையா? இல்லை. லத்தீனில் மரங்கள், எப்படி முடிந்தாலும், பெரும்பாலும் பெண்பால். அரசமரமும் அதனால்தான் ஃபீகுஸ் ரெலிகியோசா. (தமரிந்துஸ் என்பதே ‘இந்தியப் பேரீச்சை’ என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அதன்மேல் ‘இந்திகா’ வேறு. நடு சென்டர் என்பது போலத்தான்.) மாறாக, ‘ஆ’ என்று முடிந்தும் ஆணாக இருப்பவர்களும் உண்டு: நௌதா, மாலுமி; அக்ரிகோலா, உழவர்; பொயேதா, கவிஞர். அன்றைக்கு அந்தத் தொழில்களை ஆண்கள் செய்தார்கள், அதனால் ஆண்பால்.

சிறு சொற்களை யாரும் மதிப்பதில்லை. ‘போர்’, ‘அரசன்’, ‘வாள்’ என்று பெரிய சொற்களாகப் பார்த்துப் படிப்பார்கள். ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் எதிர்ப்படுவது எத் (உம்), செத் (ஆனால்), நோன் (இல்லை, அல்ல), சீ (ஆல் – ‘வந்தால்’ என்பதில் உள்ள ஆல்), இயம் (ஏற்கெனவே, இப்போது) போன்றவைதான். இவற்றை முதல் வாரத்திலேயே முடித்துவிட வேண்டும். ஆங்கிலப் புத்தகங்கள் வியந்து வியந்து விளக்கும் சில ஒட்டுகள் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கின்றன. ரோம் நகரத்துச் சாக்கடை மூடிகளில்கூட இன்றும் SPQR என்ற நான்கு எழுத்துகள் பொறித்திருக்கும். அவற்றின் விரிவு ‘செனாதுஸ் பொபுலுஸ்குவே ரோமானுஸ்’, செனட்டும் ரோமானிய மக்களும். பொபுலுஸ் என்ற சொல்லின் முதுகில் ஏறியிருக்கும் ‘குவே’, நம் ‘உம்’ தவிர வேறில்லை. நாம் இரண்டு சொல்லிலும் ஒட்டுகிறோம், அவர்கள் இரண்டாவதில் மட்டும்.

‘கும்’ என்றால் ‘ஓடு’. பொதுவாகப் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கும்; ஆனால் என்னோடு, உன்னோடு என்று வந்தால் பின்னால் ஒட்டிக்கொள்ளும்: மேகும், தேகும். வயதான கத்தோலிக்கர் வீட்டில் இருந்தால் ‘தோமினுஸ் வோபிஸ்கும்’ என்று சொல்லிப் பாருங்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன், நம் ஊர்க் கோயில்களிலும் பூசை லத்தீனில் நடந்த காலத்தில் கேட்ட வாசகம் அது: ஆண்டவர் உங்களோடு. வோபிஸ், கும். உங்கள், ஓடு.

தங்கை இருக்கிறாள் என்று சொல்ல ஆங்கிலத்தில் அவளை ஏதோ கையில் வைத்திருப்பது போலச் சொல்ல வேண்டும். லத்தீனில் அப்படியும் சொல்லலாம், இப்படியும் சொல்லலாம்: ‘மிஹி சொரோர் எஸ்த்’. மிஹி, எனக்கு, சொரோர், தங்கை, எஸ்த், இருக்கிறாள். ‘மிஹி ப்லகெத்’, எனக்குப் பிடிக்கிறது. ஆங்கிலவழி மாணவருக்கு இது தனிப்பாடம், பயிற்சியோடு. நமக்கு ஒரு வரி.

பொருள் எழுதும்போது தமிழ் எப்படி உதவும் என்பதற்கு உறவுமுறையைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. அப்பாவின் சகோதரர் ‘பத்ருவுஸ்’, அம்மாவின் சகோதரர் ‘அவுங்குலுஸ்’. அப்பாவின் சகோதரி ‘அமிதா’, அம்மாவின் சகோதரி ‘மாதெர்தெரா’. ஆங்கிலத்தில் இரண்டே சொற்களில் நால்வரையும் அடைத்து, எந்தப் பக்கத்து உறவு என்று அடிக்குறிப்பு போட வேண்டியிருக்கிறது. நீங்கள் பாட்டுக்குச் சித்தப்பா, மாமா, அத்தை, சித்தி என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். (மூத்தவரா இளையவரா என்று ரோமானியர் பிரிக்கவில்லை, பெரியப்பாவும் பத்ருவுஸ்தான்.) வேடிக்கை என்னவென்றால் ஆங்கிலத்தின் ‘அங்கிள்’ தாய்மாமனாகிய அவுங்குலுஸிலிருந்தும் ‘ஆன்ட்டி’ அத்தையாகிய அமிதாவிலிருந்தும் வந்தவை.

‘விர்தூஸ்’ என்று ஒரு சொல். ஆங்கிலச் சாயலைப் பிடித்துக்கொண்டு போனால் ‘நற்பண்பு’, ‘கற்பு’ என்றெல்லாம் இழுத்துக்கொண்டு போய்விடும். ‘விர்’ என்றால் ஆண். அதன் பண்புப் பெயர் விர்தூஸ். ஆண், ஆண்மை. போர்க்களத்தில் வீரனிடம் இருப்பது. பிறகுதான் மற்ற சிறப்புகளுக்கும் விரிந்தது. ‘ரேஸ்’ என்ற சொல்லுக்கு அகராதியில் ஒரு பத்தியே பொருள் இருக்கும். நான் ‘பொருள்’ என்று ஒரே சொல் எழுதியிருக்கிறேன். பண்டமும் செல்வமும் அதில் அடங்கிவிடும். மீதிக்குப் பக்கத்தில் ‘விஷயம்’.

இரண்டு இடங்களில் தமிழ்ப் பழக்கம் தடுமாற வைக்கும். லத்தீனில் ‘நோஸ்’ என்றால் நாமும்தான், நாங்களும்தான். எதிரில் இருப்பவர் சேர்த்தியா இல்லையா என்பதைச் சூழலைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். மரியாதைப் பன்மையும் செவ்வியல் லத்தீனில் இல்லை. பேரரசராக இருந்தாலும் ஒருவர் என்றால் ‘தூ’, நீ. மொழிபெயர்க்கும்போது ‘தாங்கள்’ போடுவது உங்கள் பண்பு, மூலத்தில் தேடாதீர்கள்.

உச்சரிப்பைப் பற்றிச் சுருக்கமாக. செவ்வியல் முறை, திருச்சபை முறை என்று இரண்டு இருக்கின்றன. ரோமானியப் பேச்சாளர் சிசரோ முன்னதில் கிகெரோ, பின்னதில் சிச்செரோ, ஆள் ஒருவர்தான். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். நான் இங்கே பெரும்பாலும் முன்னதைப் பின்பற்றுகிறேன். சொற்களைக் குறிப்பேட்டில் ரோமன் எழுத்தில்தான் எழுத வேண்டும். ‘ப’வுக்குள் இரண்டு ஒலிகளையும் ‘க’வுக்குள் இரண்டு ஒலிகளையும் ஒளித்துவைக்கும் தமிழ் எழுத்து அதற்கு ஒத்துவராது. ஆனால் பக்கத்தில் குறில் நெடிலைத் தமிழில் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் லத்தீன் எழுத்தில் அது தெரிவதில்லை, பொருளோ அதில்தான் இருக்கிறது. ‘வெனித்’, வருகிறான், ‘வேனித்’, வந்தான். ‘ஒஸ்’, எலும்பு, ‘ஓஸ்’, வாய். ‘மலும்’, தீமை, ‘மாலும்’, ஆப்பிள். எ, ஏ, ஒ, ஓ நான்குக்கும் தனித்தனி எழுத்து வைத்திருக்கும் மொழியில் பிறந்ததற்கு இங்கே பலன் கிடைக்கிறது.

படித்த சொல் தங்க வேண்டுமானால் அன்றன்றைக்கு வந்த ஐந்தையும் ஒரு வாக்கியத்திலாவது போட்டுவிட வேண்டும். அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருப்பதைவிட அது மேல். என் பழைய குறிப்பேட்டில் ஒரு வாக்கியம் இருக்கிறது: அவுங்குலுஸ் புவெரோ லிப்ரும் தத். சொல்லுக்குச் சொல் அப்படியே வைத்துப் பார்த்தால்: மாமா, பையனுக்கு, புத்தகத்தை, கொடுக்கிறார். வரிசையைக்கூட மாற்ற வேண்டியதில்லை. லத்தீனில் சொற்களின் இடம் தளர்வானது என்றாலும் வினை கடைசியில் வருவதுதான் உரைநடையில் மிக இயல்பு.

இதைக் கேள்வியாக்க ‘நே’ என்ற ஒட்டு போதும். அது நம் வினா ‘ஆ’. அவுங்குலுஸ்னே புவெரோ லிப்ரும் தத்? மாமாவா பையனுக்குப் புத்தகத்தைக் கொடுக்கிறார்? சந்தேகம் புத்தகத்தின் மேல் என்றால் அந்தச் சொல்லை முன்னுக்கு இழுத்து அதில் ஒட்டவேண்டும்: லிப்ரும்னே? புத்தகத்தையா? கொடுக்கிறாரா இல்லையா என்பதுதான் கேள்வி என்றால், தத்னே? பதிலுக்கு ‘ஆம்’ என்ற தனிச்சொல்லைத் தேடி அகராதியைப் புரட்டாதீர்கள். ரோமானியரிடம் அப்படி ஒரு சொல் தனியாக இருக்கவில்லை. வினையைத் திருப்பிச் சொன்னார்கள், நாம் சொல்வதைப் போலவே. தத். கொடுக்கிறார்.